தலைப்பை

சிரித்திருக்கக் கூடாது. அதுவும் அந்தச் சிரிப்பு. துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற மரியாதையான சிரிப்பாக இருந்தால் ஒருத்தரும் திரும்பியிருக்க மாட்டார்கள். வந்ததோ அடிவயிற்றிலிருந்து கிளம்பி மூக்கிலும் வாயிலும் ஒரே நேரத்தில் வெடித்த சிரிப்பு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் கண்ணாடிப் பெட்டியை விட்டுவிட்டு மாதவியைப் பார்த்தார்கள். ரோஸ்லின் மிஸ் பார்த்தாள். பேசிக்கொண்டிருந்த கைடு பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிரணிதாவும் பார்த்தாள், பெற்ற மகள். அவள் பார்த்தபோதுதான் மாதவிக்குக் காது இரண்டும் சுட்டது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒன்றிரண்டு அம்மாக்கள் கூட வந்தால் நல்லது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, ஆஸ்பத்திரியில் டியூட்டி மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று அவளேதான் கை தூக்கினாள். சேலத்துக்கு வெளியே ஏதோ அறக்கட்டளைக்காரர்கள் நடத்துகிற மியூசியம், பழைய காசும் கத்தியும் வைத்திருப்பார்கள், பார்த்துவிட்டுப் புளிச்சோறு தின்றுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தாள். மலைவாழ் மக்கள் கூடம் என்று ஒன்று இருக்கும் என்று யார் கண்டது? அதற்குள் நுழைந்து இரண்டாவது பெட்டியில், ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை வேட்டைக்காரன், கையில் ஈட்டி, முறுக்கின மீசை, முழித்த கண், இடுப்பில் துண்டு, தலையில், ஐயோ, தலையில் தொப்பி மாதிரிக் கவிழ்த்துவைத்த நார்ப்பை. கீழே அட்டையில் அழகான எழுத்தில் ‘தலைப்பை: வேட்டைக்குச் செல்லும் ஆண்கள் தலையில் அணிவது’ என்று எழுதியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் வாசித்துவிட்டு நகர்ந்திருப்பார்கள். இவளால் முடியவில்லை.

தலைப்பை என்றால் தலையில் போடுகிற பை என்று எழுதிவிட்டார்கள். தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை தீபாவளியைத் தலையிலா தூக்கிக்கொண்டு போகிறான்? தலைப்பிரசவம் என்றால் இவர்களுக்குத் தெரியாதா, தலைச்சன் பிள்ளை என்றால் தெரியாதா? தெரியும், எல்லாம் தெரியும். மலைக்காரனுக்கும் அதே தமிழில் ஒரு சொல் இருக்கும் என்பதுதான் தோன்றியிருக்காது. மலைக்காரன் என்றால் தலையில் எதையாவது மாட்டிக்கொண்டு திரிகிறவன். அது தலைப்பிள்ளைக்கான பை. முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அந்தப் பெண்ணே மரல் செடியின் நாரை ஊறப்போட்டு, அடித்து, அலசி, தொடையில் வைத்து உருட்டித் திரிக்க வேண்டும். திரித்ததை அவளைப் பெற்றவள் முடிச்சுப் போட்டுப் பை ஆக்குவாள். பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடி அதற்குள் போகும். பலா மரம் பார்த்து உயரக் கட்டுவார்கள், மரத்துப் பால் மாதிரி தாய்க்குப் பால் ஊறட்டும் என்று. ஆம்பிளை அதைத் தொடக்கூடாது. தொட்டால் சாமி குத்தம் கிடையாது, அதைவிட மோசம், அவனுக்குப் பால் சுரந்துவிடும். மசணன் சித்தப்பாவின் தலையில் ஒரு தரம் பட்டுவிட்டது. தேனடை பார்த்து அண்ணாந்துகொண்டே நடந்தவர் தாழக் கட்டியிருந்த பையில் போய் முட்டிக்கொண்டார். அன்றைக்குப் பிடித்தது கேலி. எந்த வீட்டில் பிள்ளை அழுதாலும் பெண்கள் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடுவார்கள். “இந்தா மசணா, பிள்ளை வீறிடுது, ஒரு வாய் குடு.” அவர் கெட்ட வார்த்தையாகத் திட்டிக்கொண்டே துண்டை எடுத்து மார்பை மூடிக்கொள்வார். அவர் மூடிக்கொள்வதைப் பார்ப்பதற்கென்றே மறுபடியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். இந்தப் பொம்மைக்காரனுக்கும் மசணன் சித்தப்பா மாதிரியே முழி. ஈட்டியும் மீசையுமாக, தலையில் பிள்ளைத்தாச்சியின் பையைக் கவிழ்த்துக்கொண்டு, யாரை மிரட்ட நிற்கிறான் இவன்? சிரிக்காமல் எப்படி இருப்பது? அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரிலும் சிரிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதுதான் வினை.

“என்னங்க மேடம்?” என்று கேட்டாள் ரோஸ்லின் மிஸ், கோபமில்லாமல்தான். “ஒண்ணுமில்ல மிஸ், சாரி, வேற என்னமோ ஞாபகம் வந்துருச்சு.” என்னமோ ஞாபகமாம். கைடாவது சும்மா விட்டிருக்கலாம். ஓய்வுபெற்ற வாத்தியார் மாதிரி இருந்தார், சட்டைப் பையில் கண்ணாடிக்கூடு, குரலில் ஒரு பணிவு. “ஏதாச்சும் தப்பா இருந்தா சொல்லுங்கம்மா. திருத்திக்கலாம். இதைக் கொடுத்தவங்க பையோட பேரை மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாங்க, மத்ததெல்லாம் நாங்களா யோசிச்சு எழுதினதுதான்” என்றார். நாங்களா யோசிச்சு. இப்படி ஒளிவு மறைவில்லாமல் ஒருத்தர் கேட்டால் என்ன செய்வது? அவர் கொஞ்சம் திமிர் பிடித்தவராக இருந்திருந்தால் மனசுக்குள் திட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். சொன்னால்தான் என்ன, ஒரே ஒரு வாக்கியம், ஐயா இது தலைப்பிள்ளைக்கான பை, பெண்களுடையது. சொல்லலாம். சொன்னதும் அடுத்த கேள்வி வரும், உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? அந்தக் கேள்விக்குத்தான் அவள் கல்யாணமான நாளிலிருந்து பயந்துகொண்டிருக்கிறாள். “எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க” என்றாள். தெரியாது என்று வாய் சொல்லும்போது கழுத்தும் சேர்ந்து ஆடியது. அவர் “பரவாயில்லம்மா” என்று திரும்பி, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். வேட்டைக்குப் போகும்போது மழையும் வெயிலும் தலையில் படாமல் இருக்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். நூறு ஓட்டை உள்ள பையில் மழை எப்படி நிற்கும் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து, பிடித்த பொருள் ஒன்றைப் பார்த்து வரையச் சொன்னார்கள். நல்ல வேளை, கொஞ்ச நேரம் யாரும் தன்னைப் பார்க்க மாட்டார்கள் என்று மாதவி தூணோரம் ஒதுங்கினாள். ஒதுங்கிய இடத்துக்கு ஹேமலதா வந்தாள், இன்னொரு பிள்ளையின் அம்மா, யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை விசாரிக்கிறவள். “என்ன மாதவி, அந்த வேட்டைக்காரரைப் பார்த்து வெக்கமா? துணியே இல்லாம நிக்கிறாரே மனுஷன்” என்று இடித்துச் சிரித்தாள். “ஆமா போங்க” என்று மாதவியும் சிரித்தாள். சிரித்தது தன் காதிலேயே விழுந்தது. துணியே இல்லாம என்பதற்குச் சிரித்தாயே, பாவி, அதைவிட முதல் சிரிப்பு எவ்வளவோ தேவலை. “உங்களுக்கு சொந்த ஊரு எது, கேட்டதே இல்லையே?” “ஈரோடு பக்கம்.” “ஈரோட்டுல எங்க?” “உள்ள தள்ளி.” எத்தனை வருஷமாக உள்ளே தள்ளிக்கொண்டே போகிற ஊர். கருமுடி மலை என்ற பேரை வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு காலமாயிற்று? வலது தொடையில் கை போனது, அதுவாகப் போனது, சுடிதாருக்கு மேலே. நார் உருட்டிய தொடை. பால்பல் விழுகிற வயசிலேயே ஈரச் சாம்பலைத் தடவிக்கொண்டு உருட்டக் கற்றுக்கொண்டது. முதல் நாள் எரியும், இரண்டாம் நாள் தோல் சிவக்கும், பிறகு அந்த இடத்தில் முடியே முளைக்காது, அவள் ஆட்களில் பெண்கள் எல்லோருக்கும் வலது தொடை வழவழவென்று இருக்கும். கல்யாணமான புதிதில் தினகரன் தடவிப் பார்த்துவிட்டு “இங்க மட்டும் ஏன்டி இப்படி?” என்றான். சொன்னாள். அவனிடம் மட்டும் எல்லாம் சொல்லியிருக்கிறாள். அவனும் கெட்டவன் இல்லை. “எனக்கு ஒண்ணுமில்ல மாதவி, எங்க வீட்டுலதான், உனக்கே தெரியும். எதுக்கு வீணா சொல்லிக்கிட்டு” என்றான். வீணா. அந்த ஒரு சொல்லில் அம்மா, அப்பன், மசணன் சித்தப்பா, மரல் நார், மாதி என்ற அவள் பேர் எல்லாம் அடங்கிப்போயின. மாதியை மாதவி ஆக்கியது பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். மிச்சத்தை ஆக்கிக்கொண்டது அவளேதான், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

மாமியாரிடம் அப்பா அம்மா இல்லாத பிள்ளை, ஹாஸ்டலில் வளர்ந்தவள் என்று சொல்லியிருந்தார்கள். உயிரோடு இருக்கிற இரண்டு பேரை வாயாலேயே கொன்றாகிவிட்டது. பிரணிதா பிறந்த மறுநாள், அவள் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில், வார்டு வாசலில் அம்மா வந்து நின்றாள். வெள்ளச்சி. காலில் செருப்பில்லை, பஸ்ஸில் வாந்தி எடுத்த களைப்பு முகத்தில், கையில் ஜவுளிக்கடைப் பை. அந்தப் பைக்குள்ளே ஒரு தலைப்பை. மாதவி நார் திரித்துத் தரவில்லை என்று அம்மாவே திரித்து அம்மாவே முடிந்திருக்கிறாள், முறை தப்பினாலும் பரவாயில்லை என்று. யார் சொல்லிப் பிரசவம் தெரிந்ததோ. மாமியார் கட்டில் பக்கத்தில் ஹார்லிக்ஸ் ஆற்றிக்கொண்டிருந்தாள். “யாரு இது?” என்று கேட்டாள். ஒரு நொடி. அந்த நொடியில் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். “ஹாஸ்டல்ல சமையல் பண்ணினவங்க அத்தை” என்றாள் மாதவி. சொல்லிவிட்டு அம்மாவைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்தாள். அம்மா அழவில்லை, முகம்கூட மாறவில்லை. “ஆமாங்க தாயி, சோறாக்கிப் போட்டு வளத்த பிள்ளைங்க, அதான் பாத்துட்டுப் போலாம்னு” என்றாள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, அதுதான் தாங்கவில்லை. மாமியார் நல்ல மனசோடு “அட, உக்காரும்மா” என்று தரையைக் காட்டினாள். அம்மா உட்கார்ந்தாள். கட்டிலில் இருந்த மகளின் காலைத் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்து, தொடாமல், கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பையோடு எழுந்துபோனாள். நஞ்சுக்கொடி கிடைக்குமா என்று வெளியே ஆயாவிடம் கேட்டிருக்கிறாள். அதை நேற்றே குப்பைக்குப் போட்டாச்சு என்று ஆயா விரட்டியதை மறுநாள் வார்டே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. எதுக்குடா கேட்டிருக்கும் அந்தம்மா, மந்திரம் பண்ணவா? கூட வேலை பார்க்கிற நர்சுகள் சிரித்தார்கள். மாதவிக்கும் சிரிக்க வேண்டியிருந்தது. பால் சரியாக வரவில்லை. வராது, வருத்தத்திலும் தூக்கமில்லாமலும் வராது, நர்ஸ் படித்தவளுக்கு அது தெரியாதா? பலா மரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சம்பந்தம் கிடையாது என்று தெரிந்துகொண்டே, புட்டியை வாயில் வைக்கும்போதெல்லாம் அந்தப் பை எங்கே போயிருக்கும் என்றுதான் நினைத்தாள்.

இப்போதும் அதைத்தான் நினைத்தாள். நினைக்காமல் இருக்கப் பார்த்தாள், பக்கத்துப் பெட்டியைப் பார்க்கலாம் என்று திரும்பினாள். அங்கே பூசைச் சாமான்கள், மணி, பாசி, பூசாரியின் சலங்கைக் கோல். பெண்கள் கண்ணில் படக்கூடாத கோல். உள்ளே நுழையும்போதே அதன் பக்கம் முகம் திரும்பாமல் நடந்திருக்கிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது. யாராவது கவனித்திருப்பார்களோ? ஹேமலதா அதன் முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடி பையைப் பார்த்தாள். மரத்தில் கட்டிய பை ஒரு மழைக்காலம் தாங்கும், இரண்டு தாங்கும், பிறகு மக்கி விழுந்துவிடும், விழுந்தால் நல்லது என்பார்கள், பிள்ளை நிலைத்துவிட்டது என்று அர்த்தம். அப்படியிருக்க இந்தப் பை முழுசாக இருக்கிறது. ஒரு நார் அறுந்திருக்கவில்லை, ஒரு கறை இல்லை. அப்படியென்றால் இது மரம் ஏறாத பை. எந்தப் பிள்ளைக்கோ முடிந்து, உள்ளே ஒன்றும் வைக்காமல், வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாமல் யாரோ கொண்டுவந்து கொடுத்த பை. பிள்ளை செத்துப் பிறந்திருக்கலாம். மலையில் அப்படி எத்தனையோ. அல்லது பிள்ளை நன்றாகப் பிறந்து, வளர்ந்து, இங்கிலீஷ் மீடியத்தில் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கலாம். கொடுத்தவங்க பேரை மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாங்க என்றாரே. அம்மாவும் அப்படித்தான் பேசுவாள், பேரை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அம்மாவின் முடிச்சா இது? ஒவ்வொருத்தி முடிச்சும் ஒவ்வொரு மாதிரி, மலையில் பார்த்ததுமே இது இன்னார் கை என்று சொல்லிவிடுவார்கள். கண்ணாடியில் மூச்சுப் படிகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். தெரியவில்லை. எவ்வளவு உற்றுப் பார்த்தும் தெரியவில்லை. இஞ்செக்‌ஷன் போட நரம்பு தேடுகிற கண், ராத்திரி விளக்கில்கூட நரம்பைக் கண்டுபிடித்துவிடுகிற கண், பெற்றவளின் முடிச்சைக் கண்டுபிடிக்கவில்லை. அதை அறிந்துகொள்கிற வயசுக்கு முன்னாலேயே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். லீவுக்குப் போனபோதெல்லாம் நாரைத் தொடமாட்டேன், கை நாறும் என்று சொன்னது யார்? அந்தக் கூடத்தில் அவ்வளவு பேர் நடுவில், வெட்கம் உச்சியிலிருந்து கால்வரை ஊறியது. யாரும் திட்டவில்லை, யாருக்கும் ஒன்றும் தெரியாது, இருந்தும் அம்மணமாக நிற்கிறது போல இருந்தது.

பிரணிதா என்ன வரைகிறாள்? எட்டிப் பார்த்தாள். வேட்டைக்காரனையேதான் வரைந்துகொண்டிருந்தாள். மீசை வந்திருந்தது, ஈட்டி வந்திருந்தது, தலைக்கு மேலே பென்சில் கட்டம் கட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பைக்குள் அவள் கொடியை வைத்துப் பலா மரத்தில் கட்டியிருக்க வேண்டுமோ அதை ஒரு ஆம்பிளைத் தலையில் தொப்பியாக வரைகிறாள். வரைந்துகொண்டுபோய் வீட்டில் காட்டுவாள். மாமியார் சூப்பர் என்பாள். தினகரன் ஒரு பார்வை பார்த்துவிட்டு டிவியைப் போடுவான். பள்ளிக்கூடத்து நோட்டீஸ் போர்டில் குத்துவார்கள், கீழே பேர் எழுதி. இல்லை, இது ஆகாது. மற்றதெல்லாம் ஆகட்டும், இது ஒன்று ஆகாது. சொல்லிவிடலாம். என்ன ஆகிவிடும்? ஹேமலதா ஊரெல்லாம் சொல்வாள், சொல்லட்டும். மாமியார் ஒரு மாசம் பேசமாட்டாள், பேசாமலிருக்கட்டும், நிம்மதி. பள்ளிக்கூடத்தில் பிள்ளையை ஏதாவது சொல்லிக் கூப்பிடுவார்களோ? அங்கேதான் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறது. ‘மலைக்குரங்கு’ என்று ஹாஸ்டலில் கூப்பிட்டது இன்னும் காதில் இருக்கிறது. அதற்காகத்தானே எல்லாம், பிள்ளை காதில் அது விழக்கூடாது என்றுதானே? ஆமாம் என்று ஒரு மனசு சொன்னது. பொய் சொல்லாதே, உனக்காகத்தான் என்று இன்னொன்று சொன்னது. இரண்டும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கால் நகர்ந்துவிட்டது. பெரிய பேச்சு ஒன்றும் வேண்டாம். கைடிடம் போய், ஐயா, நான் கருமுடி மலைக்காரி, இது எங்க பை என்று சொன்னால் போதும். மற்றது தானாக வரும். மகளின் பக்கத்தில் போய் நின்றாள்.

கைடு அந்தப் பக்கமே வந்தார், ரோஸ்லின் மிஸ்ஸும் கூட வந்தாள், பிள்ளைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டே. பிரணிதாவின் படத்தைப் பார்த்ததும் கைடு, “நல்லா வந்திருக்கே பாப்பா, முடிச்சுகூட அப்படியே இருக்கே” என்றார். ரோஸ்லின் மிஸ் மாதவியைப் பார்த்து, விளையாட்டாகத்தான், “இப்பவாச்சும் சொல்லுங்க மேடம், எதுக்கு அப்படிச் சிரிச்சீங்க? சார் மனசுல அது உறுத்திக்கிட்டே இருக்காம்” என்றாள். கைடு ஆமாம் என்பதுபோலத் தலையசைத்து, கேட்கத் தயாராக நின்றார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. “அது வந்துங்க ஐயா…” என்று மாதவி ஆரம்பித்தாள். அடுத்த சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

“எங்கம்மா அப்படித்தான் மிஸ்” என்றாள் பிரணிதா, தரையிலிருந்து எழுந்துகொண்டே. “பொம்மை ஆளுங்களைப் பாத்தாலே சிரிப்பு வந்துரும். ஜவுளிக்கடைல வாசல்ல பொம்மை நிக்குமில்ல, அதைப் பாத்தும் சிரிப்பாங்க. அப்பா திட்டுவாரு.” தடுமாறவில்லை, திக்கவில்லை, கண்கூடச் சிமிட்டவில்லை. ஜவுளிக்கடைப் பொம்மையைப் பார்த்து மாதவி ஒருநாளும் சிரித்ததில்லை. தினகரன் திட்டினதுமில்லை. ரோஸ்லின் மிஸ் “அவ்வளவுதானா!” என்று சிரித்தாள். கைடுக்கு மனசு ஆறிவிட்டது, “அப்ப சரிதான்” என்று அடுத்த பிள்ளையிடம் நகர்ந்தார். பிரணிதா நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் காதோரம் குனியவைத்தாள். “பயப்படாதம்மா” என்றாள் மெதுவாக. “நீயும் அப்பாவும் உங்க மலையைப் பத்திப் பேசினதைக் கேட்டு எனக்கு ரெண்டாம் கிளாஸ்லயே தெரியும். இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. பாட்டிகிட்டகூட.” மாதவி பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அதில் பெருமை இருந்தது, நல்ல காரியம் ஒன்றைச் செய்துமுடித்த பிள்ளையின் பெருமை. சொல்ல வந்த சொல் இன்னும் வாயில்தான் இருந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. “வா, அடுத்த ரூமுக்குப் போயிரலாம், இங்க நிக்க வேணாம்” என்று பிரணிதா இழுத்தாள். மாதவி கூடப் போனாள்.